குழிப்பணியாரச் சட்டியிலிருந்து ஐந்து புள்ளிப் பலகை வரை

போன கோடை விடுமுறையில் ஒரு மதியம் சமையலறையிலிருந்து டிங் டிங்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், மகள் குழிப்பணியாரச் சட்டியைத் தரையில் வைத்து, குழிக்கு ஒன்றாகக் கோலிக்குண்டு போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சட்டியில் ஏழு குழி. நடுவில் சிவப்பு, சுற்றி ஆறும் மஞ்சள். “அப்பா, பூ” என்றாள். உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நடுவில் மஞ்சளும் சுற்றிலும் ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பும் வெள்ளையுமாக வைத்தாள். “இது வேற பூ.” அரைமணி நேரம் அந்த இடத்தை விட்டு அவள் அசையவில்லை. அப்போது அவளுக்கு நாலரை வயது.

அதற்கு முந்தின வாரம் அதே கோலிகளை மொசைக் தரையில் வரிசையாக அடுக்கப் பார்த்திருந்தாள். மூன்றாவதை வைப்பதற்குள் முதல் கோலி கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. விளையாட்டு அழுகையில் முடிந்தது. அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கோலி ஓடாமல் நிற்க ஒரு குழி. அது சமையலறையில் இருப்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். குழிகளை வரிசையாகப் போட்டு ஒரு பலகை செய்து, பார்த்து வைக்கச் சில அட்டைகளும் கொடுத்தால் என்ன என்று அன்று இரவு தோன்றியது. அப்படித் தொடங்கிய வேலை ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடியது. ஒரு பலகை வீணாகி, இன்னொன்று நன்றாக வந்து, மூன்றாவது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பே ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தேன். அவள் விளையாடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து “தப்பு, இங்க வை” என்று சொல்லும்படி இருக்கக் கூடாது. தவறு நடந்தால் அது அவள் கண்ணுக்கே தெரியவேண்டும். இது என் யோசனை இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் யோசனை. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் சில வருடம் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய வகுப்புகளில் இருக்கும் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். பத்துக் குழி, பத்து உருளை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒன்றை இடம் மாற்றிச் செருகினால் கடைசி உருளைக்குக் குழி பொருந்தாது. யாரும் வாயைத் திறக்க வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். நான் செய்யப்போகும் பலகையிலும் அந்த ஒரு குணம் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சாதாரணக் கோலி சுமார் 16 மி.மீ. குறுக்களவு. சின்னக் குழந்தையின் தொண்டையில் அப்படியே போய் அடைத்துக்கொள்ளும் அளவு அது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கான பொம்மையில், 31.7 மி.மீ. குறுக்களவுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது என்பது பொம்மைகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 9873 சொல்லும் கணக்கு. உருண்டை என்றால் இன்னும் கடுமை: 44.5 மி.மீ. வளையத்துக்குள் அது நுழையவே கூடாது. உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சுவழியை முழுதாக மூடிவிடும் என்பதுதான் காரணம். ஆகவே இங்கே சொல்லும் கோலிப் பலகை மூன்று வயது தாண்டி, எதையும் வாயில் வைக்கும் பழக்கம் போன பிள்ளைக்கு மட்டும். அப்போதும் கண் முன்னால்தான். விளையாடி முடித்ததும் எண்ணிப் பார்த்துத்தான் டப்பாவை மூடுகிறோம். சின்னக் குழந்தை வீட்டுக்கு வந்தால் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

அடுத்து கோலி. வீட்டில் இருந்தவை உள்ளே பூவிதழ் போல வண்ணம் முறுக்கிய கண்ணாடிக் கோலிகள். பார்க்க அழகு, இந்த வேலைக்கு உதவாது. ஒரே கோலிக்குள் மஞ்சளும் நீலமும் சேர்ந்திருந்தால் அதை எந்த வண்ணத்தில் சேர்ப்பது என்று குழந்தைக்குக் குழப்பம் வரும். கண்ணாடி என்பதால் குழியில் உட்கார்ந்ததும் மரத்தின் நிறம் ஊடுருவி எல்லாமே பழுப்பாகத் தெரியும். ஒளி ஊடுருவாத முழு வண்ணக் கோலி வேண்டும். அது கிடைக்கும்வரை பொறுக்காமல், இருந்த கோலிகளுக்கே எனாமல் பெயின்ட் அடித்துப் பார்த்தேன். இரண்டே நாளில் ஒன்றோடொன்று மோதிச் செதில் செதிலாகக் கழன்றது. அதற்கப்புறம்தான் வேறொரு நினைப்பும் வந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. என் பெயின்ட் டப்பா அதற்கு முன் வாங்கியது. கோலிகளை அப்படியே பொட்டலம் கட்டி அப்புறப்படுத்தினேன். கோலிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்.

பிறகு பூச்சாடியில் போடும் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் முழு வண்ணக் கோலிகள் கிடைத்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நான்கு வண்ணம் எடுத்தேன். பச்சையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் ஆண்பிள்ளைகளில் சிலருக்கு உண்டு, இந்தப் பலகையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் விளையாடுவார்கள். 60 கோலியை வெர்னியரில் அளந்தபோது 15.3இலிருந்து 16.6 மி.மீ. வரை இருந்தன. அதில் கெடுதல் இல்லை. வட்டத்தின் விளிம்பில் உருண்டை எப்படி விழுந்தாலும் அதுவாகவே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1872இல் ஹைரம் காட் காப்புரிமை வாங்கிய கோலி சோடா பாட்டில் நம்பியிருப்பதும் இந்தக் குணத்தைத்தான். உள்ளிருக்கும் வாயு தள்ளியதும் கோலி ரப்பர் வளையத்தில் சரியாகப் போய் அடைக்கிறதே, அதுதான்.

இப்போது வீணாய்ப்போன முதல் பலகையின் கதை. பிளைவுட் கடையில் 18 மி.மீ. ரப்பர் மரப்பலகைத் துண்டு வாங்கினேன். பால் வடித்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டி, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிப் பலகையாக்குகிறார்கள். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டம் நிறைய இருப்பதால் எங்கள் பாளையங்கோட்டையில் இது சுலபமாகக் கிடைக்கும். வெளிர் நிறம், நெருக்கமான ரேகை, வேப்ப மரம் மாதிரிக் கசப்பும் இல்லை. மரத்தில் குறை ஒன்றும் இல்லை. குறையெல்லாம் என் அளவுகளில்தான்.

ஐந்துக்கு ஐந்து, 25 குழி. குழிக்குக் குழி 22 மி.மீ. வைத்தேன், கோலிக்கு 16 போக 6 மி.மீ. இடைவெளி போதும் என்று. கையில் இருந்த பெரிய டிரில் பிட் 8 மி.மீ., அதிலேயே போட்டேன். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. மகள் முதல் கோலியை வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை நடுவில் வைத்துவிட்டு விரலை எடுக்கும்போது பக்கத்தில் இருந்த இரண்டும் கிளம்பிவிட்டன. மறுபடி வைத்தாள், மறுபடி ஓடின. நாலாவது முறை பலகையைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்ப் பணியாரச் சட்டியை எடுத்துவந்தாள்.

அவள் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. பெரியவர்கள் கோலியை மேலிருந்து நுனிவிரலால் பிடித்து வைத்துவிடுகிறோம். குழந்தை கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் கோலியின் இரு பக்கமும் இறங்கியிருக்க, பலகையில் அழுத்தித்தான் விடுகிறது. அவளுடைய விரல் தடிமன் 10 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 6 மி.மீ. சந்தில் அது எப்படி நுழையும்? விரல் இறங்கும்போதே பக்கத்துக் கோலியை இடிக்கிறது. 8 மி.மீ. குழியிலோ கோலி 1 மி.மீ. ஆழம்தான் இறங்கும். தொட்டாலே வெளியே வந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. கோலி குழியின் அடியில் உட்கார்வதில்லை, விளிம்பில்தான் உட்கார்கிறது. அதனால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பயன் இல்லை, குழியின் அகலம்தான் கணக்கு. 16 மி.மீ. கோலி 10 மி.மீ. துளையில் 1.75 மி.மீ. இறங்கும். 12இல் 2.7. 14இல் 4.1. எவ்வளவு சாய்த்தால் உருண்டு வெளியேறும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. துளையின் அகலத்தைக் கோலியின் அகலத்தால் வகுத்து, அந்த எண்ணுக்கு எந்தக் கோணத்தின் சைன் பொருந்துகிறதோ, அதுவரை கோலி தாங்கும். 8 மி.மீ. துளைக்கு 30 டிகிரி, 12 மி.மீ. துளைக்கு 48 டிகிரி. பலகையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை அப்படி இப்படித் திரும்பினாலும் 48ஐத் தொடாது. 14 போட்டால் இன்னும் உறுதி, ஆனால் சற்றே சிறிய கோலி உள்ளே சிக்கிக்கொண்டு பிடுங்க வேண்டியதாகிறது. 12தான் சரி என்று ஒரு துண்டுப் பலகையில் மூன்று அளவிலும் துளை போட்டு, அவள் கையில் கொடுத்துப் பார்த்து முடிவு செய்தேன். குழிக்குக் குழி 30 மி.மீ. அப்போது இரண்டு கோலிக்கு நடுவில் 14 மி.மீ. கிடைக்கிறது, விரல் தாராளமாக இறங்கி ஏறுகிறது.

இரண்டாவது பலகையில் இன்னொரு மாற்றமும் செய்தேன். குழிகளை அரைகுறையாக நிறுத்தாமல் ஊடுருவும் துளைகளாகவே போட்டு, அடியில் அட்டை செருக ஒரு சந்து விட்டேன். அட்டையில் இருக்கும் வண்ணப் புள்ளி துளை வழியே தெரியும். சிவப்புத் தெரியும் இடத்தில் சிவப்புக் கோலி. எதுவும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தை தொடங்கிவிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு மேல்பலகை மெல்லியதாக இருக்கவேண்டும். 18 மி.மீ. பலகையில் துளை கிணறு மாதிரி, அடியில் இருக்கும் வண்ணம் இருட்டிவிடும். 6 மி.மீ. பிளைவுட் எடுத்தேன். கோலி 2.7 மி.மீ.தான் இறங்குவதால் அட்டையில் இடிக்காது.

அளவுகள் இவை. மேல்பலகை 170 மி.மீ. சதுரம். ஒரு விளிம்பிலிருந்தே 25, 55, 85, 115, 145 என்று ஐந்து குறி, அதேபோல் குறுக்கே ஐந்து. ஒவ்வொரு குறியையும் அதே விளிம்பிலிருந்து அளப்பது முக்கியம். முதல் பலகையில் காம்பஸ் முனையால் 22, 22 என்று தாண்டித் தாண்டிக் குறித்தேன். தாண்டுதலுக்கு அரை மில்லிமீட்டர் தவறினாலும் கடைசிப் புள்ளி போய்ச் சேரும்போது 2 மி.மீ. விலகியிருக்கும். மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்து, சந்திக்கும் இடங்களில் ஆணியால் லேசாகக் குத்திக்கொண்டேன்.

துளை போட எங்கள் தெரு ஆசாரி அண்ணாச்சியின் டிரில் ஸ்டாண்டை இரவல் வாங்கினேன். கையால் பிடித்துப் போட்டால் துளை சாயும். நடுவில் கூர்முனை உள்ள மரப் பிட் 12 மி.மீ. அண்ணாச்சி ஸ்டாண்டைக் கொடுக்கும்போதே, “கீழ ஒரு கழிவுப் பலகைய வச்சு இறுக்கிக்கிடுங்க. இல்லன்னா அடிப்பக்கம் பிச்சுக்கிட்டு வந்துரும்” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. பதினெட்டாவது துளைக்குப் பலகையை நகர்த்தும்போது அடியில் இருந்த துண்டு விலகியிருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு துளையில் மட்டும் பிளைவுட்டின் அடி ஏடு நகம் அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. நல்லவேளை அது மறைகிற பக்கம். பசை வைத்து ஒட்டித் தேய்த்ததில் இப்போது தெரிவதில்லை.

துளையின் மேல்விளிம்பைக் கவுண்டர்சிங்க் பிட்டால் 1 மி.மீ. சரித்துவிட்டேன். இதனால் கோலி இன்னும் 1 மி.மீ. கீழே இறங்கி, மொத்தம் 3.7 மி.மீ. உள்ளே உட்காருகிறது. விரல் படும் இடத்தில் கூர்மையும் போய்விட்டது. பிறகு உப்புத்தாள், 120, 220, 320 என்று வரிசையாக. துளைகளுக்கு உள்ளே பென்சிலில் சுற்றித் தேய்த்தேன். 25 துளைக்கு இரண்டு மாலை ஆனது. அவசரப்பட வேண்டாம். பிளைவுட் சிராய் குழந்தை விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இடது, வலது, பின்பக்கம் என மூன்று ஓரத்திலும் 10 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள மரப்பட்டிகளை ஃபெவிகால் வைத்து ஒட்டி, அதன்மேல் அடிப்பலகையையும் ஒட்டி, ராத்திரி முழுக்க அம்மிக் குழவியைப் பாரமாக வைத்தேன். முன்பக்கம் திறந்திருக்கும், அட்டை அந்த வழியாகப் போகும். முதலில் அட்டை உள்ளே போனது, வெளியே வரவில்லை. அவள் பலகையைத் தலைகீழாகத் தூக்கி உதறினாள், 25 கோலியும் வீடு முழுக்க. மறுநாளே முன்விளிம்பின் நடுவில் மேலும் கீழும் 10 மி.மீ. ஆழத்துக்கு அரைவட்டமாக அரம் போட்டு எடுத்தேன். இப்போது இரண்டு விரலால் அட்டையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறாள்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினால் போதும், நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெயைத் தடவலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அது என்றைக்கும் காயாத எண்ணெய், பிசுக்காகவே நின்று தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும், ஆனால் மெதுவாக. கடையில் காய்ச்சியது என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புச் சேர்த்திருப்பார்கள், குழந்தைப் பொருளுக்கு அது வேண்டாம். நான் சாதா எண்ணெயைத்தான் மெல்லிசாகத் தடவி இரண்டு வாரம் காற்றாட விட்டேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துக் கொடியில் விரித்துப் போட்டுக் காயவைத்து அப்புறம் வெளியே போடுங்கள்.

அட்டைகளுக்கு வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகள். கெட்டியான அட்டை, பின்பக்கம் வெள்ளை. 150க்கு 160 மி.மீ. வெட்டி, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வட்ட ஸ்டிக்கரை ஒட்டினேன். ஓரத்திலிருந்து 15, பிறகு 30, 30. முன்பக்கம் மிஞ்சும் 25 மி.மீ. கைப்பிடி. அதன் இடது மூலையில் ஒரு மீன் படம், பலகையிலும் அதே மூலையில் ஒரு மீன். அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எது மேல், எது கீழ் என்று பிள்ளைகளுக்குக் குழம்பும். மீனும் மீனும் ஒரே பக்கம் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

கோலிகளை வைக்கப் பழைய அஞ்சறைப்பெட்டி. வண்ணத்துக்கு ஒரு கிண்ணம். அதிலிருந்து அட்டைக்குத் தேவையான எண்ணிக்கையை மட்டும் சரியாக எண்ணி ஒரு தட்டில் கொடுப்பேன். அட்டையின் பின்புறம் அந்த எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறேன். தவறைப் பலகையே சொல்லவேண்டும் என்றேனே, அந்த வேலையைச் செய்வது இந்த எண்ணிக்கைதான்.

முதல் வாரம் அட்டையை அடியில் செருகிக் கொடுத்தேன். நான் வரிசை வரிசையாக நிரப்புவாள் என்று நினைத்தேன். அவளோ முதலில் சிவப்பு எல்லாவற்றையும் தேடித் தேடி வைத்தாள், பிறகு மஞ்சள், பிறகு நீலம். இப்போதும் அப்படித்தான். வண்ணம் வண்ணமாக வைக்கும்போது கைக்கு வேலை ஒன்றாகிவிடுகிறது, கண் மட்டும் தேடினால் போதும். அதைப் பார்த்தபின் நானும் அப்படித்தான் வைக்கிறேன்.

இரண்டாவது வாரம் அட்டையைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 25 துளையும் நிறைந்த வடிவம் கடினம், கொஞ்சக் கோலி உள்ள வடிவம் சுலபம் என்று நான் அட்டைகளை அடுக்கியிருந்தேன். நேர்மாறாக இருந்தது. எல்லாம் நிறைந்திருந்தால் பக்கத்துக் கோலியைப் பார்த்தே வைத்துக்கொண்டு போகலாம். நடுவில் காலித் துளைகள் இருந்தால் அந்தக் காலியையும் எண்ணவேண்டும். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதை எண்ணுவது நாலரை வயதுக்குப் பெரிய காரியம். அட்டைகளின் வரிசையை மாற்றினேன்: முதலில் முழுக் கோடுகள், பிறகு ஓரச் சதுரம், அப்புறம் பெருக்கல் குறி, கடைசியில் சிதறிய புள்ளிகள்.

ஒரு நாள் பதின்மூன்று கோலி அட்டை. நடுவில் ஒரு சிவப்பு, அதைத் தொட்டு மேலும் கீழும் இரு பக்கமும் நாலு மஞ்சள், அதற்கு வெளியே சாய்சதுரமாக எட்டு நீலம். அவள் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் தட்டில் ஒரு மஞ்சள் மிஞ்சியது. பலகையில் காலியாக இருந்ததோ ஓரத்துத் துளை, அங்கே நீலம் வரவேண்டும். எனக்கு எங்கே தவறு என்று முன்பே தெரியும். சொல்லிவிடலாம் போல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். மஞ்சளைக் காலித் துளைக்கு மேலே கொண்டுபோனாள், வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மஞ்சள் வீட்டுல நீலம் உக்காந்திருக்கு” என்று சொல்லி, அந்த நீலத்தை எடுத்து ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, மஞ்சளை அதன் இடத்தில் அழுத்தி வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு மாத வேலைக்கு எனக்கு அது போதும்.

ஆடி மாதம் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பலகையையும் எடுத்துக்கொண்டு போனோம். அம்மா அந்தப் பதின்மூன்று கோலி அட்டையைப் பார்த்ததும், “ஏய்யா, இது அஞ்சு புள்ளிலா? ஒண்ணுல நிறுத்துற நேர்ப்புள்ளி” என்றாள். நடுவில் ஐந்து, இருபுறமும் மூன்று, ஒன்று. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவில்லை. பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, “இங்க பாருட்டி” என்று சொல்லிக்கொண்டே, 25 கோலியும் நிறைந்திருந்த பலகையை மூலை தன் பக்கம் வருமாறு மெல்லத் திருப்பினாள். “இப்ப எண்ணு.” மகள் மேலிருந்து விரல் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மறுபடி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. சதுரமாக இருந்தால் நேர்ப்புள்ளி, மூலையில் நிறுத்தினால் இடைப்புள்ளி. அதே பலகை, அதே 25 கோலி. “ஆச்சி, மறுபடி திருப்பு, மறுபடி திருப்பு” என்று பத்துத் தடவையாவது திருப்ப வைத்தாள்.

அம்மா அதோடு விடவில்லை. என் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பாதிக் கோலம் போட்டுக் கொடுத்தால் மீதியைப் பிள்ளை போடாதா என்று கேட்டாள். கோலம் பழகும்போது அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம், ஒரு பக்கம் அம்மா இழுப்பாள், மறுபக்கம் மகள். அதன்படி அட்டையின் இடது பாதியில் மட்டும் புள்ளி ஒட்டி எட்டு அட்டை செய்தோம். வலது பாதியைக் கண்ணாடியில் பார்ப்பது போல நிரப்பவேண்டும். என் அட்டைகள் எல்லாவற்றையும்விட இந்த எட்டுதான் இப்போது அதிகம் தேய்ந்திருக்கின்றன. நாலு மூலையும் ஒத்துப்போகும் வடிவம் கோலத்தில் கொட்டிக் கிடக்கிறது. அட்டைக்கு யோசனை வேண்டுமென்றால் வீட்டுக் கோல நோட்டைப் புரட்டுங்கள்.

பக்கத்து வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். அவன் வந்தால் டப்பா மேலே போய்விடும், அவன் முகம் வாடிவிடும். அவனுக்கு ஒன்று செய்தே ஆகவேண்டும் என்று இருந்தது. சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் வேலை செய்யும் ஒருவரிடம் 5 செ.மீ. மர உருண்டை ஒன்பது கேட்டேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது, வண்ணம் தனியாக உரியும் பேச்சே இல்லை. மூன்று வண்ணத்தில் மும்மூன்று. 44.5ஐத் தாண்டிய அளவு, வாய்க்குள் போகாது.

வீணான முதல் பலகைக்கு வாங்கிய ரப்பர் மரத்தில் மிச்சம் இருந்தது. 220 மி.மீ. சதுரம், மூன்றுக்கு மூன்று, குழிக்குக் குழி 70 மி.மீ. குழி போடத் தனிப் பிட் வாங்க வேண்டியதில்லை. அலமாரிக் கதவுக்குக் கிண்ணக் கீல் பதிக்கும் 35 மி.மீ. பிட் எல்லா ஆசாரியிடமும் இருக்கும். 50 மி.மீ. உருண்டை அதில் 7 மி.மீ. இறங்கும் என்பதால் 9 மி.மீ. ஆழம் தோண்டினேன். அந்தப் பையன் ஒரு மாதமாக அட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒன்பதையும் போடுவான், ஒன்பதையும் எடுப்பான், மறுபடி போடுவான். போன வாரம் சிவப்பு மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருந்தான் என்று அவன் அம்மா சொன்னார்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் நாள் காலை, அம்மா வாசல் தெளித்து அதே இடைப்புள்ளி ஐந்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். அளவுகோல் இல்லை, மூலைமட்டம் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் இருந்து மாவு விழ, ஒன்பது வரியும் ஒரே இடைவெளியில் நின்றன. மகள் அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து புள்ளி மேல் கோலியை வைத்தாள். வாசல் கொஞ்சம் சரிவு, கோலி தெருப்பக்கம் உருண்டது. போய் எடுத்துவந்தாள். ஒரு நிமிடம் குந்தியிருந்து பார்த்தாள். அப்புறம் ஈர மண்ணில் கட்டைவிரலை ஊன்றி ஒரு திருகு திருகிக் குழி பண்ணி, அதில் கோலியை வைத்தாள். நின்றது. அடுத்த புள்ளிக்கு நகர்ந்தாள்.